ஷார்ஜா படகா, காசிமேட்டு ஃபைபரா?

போன தை மாசம் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். ஷார்ஜாவிலிருந்து மாமா வாட்ஸ்அப்பில் ஒரு படகின் படங்களை வரிசையாக அனுப்பினார். மொத்தம் ஒன்பது. 28 அடி, வெள்ளை ஃபைபர், பின்னால் இரண்டு அவுட்போர்டு இன்ஜின், நடுவில் ஸ்டியரிங், மேலே நீலத் துணிக் கூரை. கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மச்சான், நம்ம காசுக்குப் பத்து லட்சம் சொல்றான். எடுத்துரலாமா? நீ கஸ்டம்ஸ்லதான இருக்க?"

நான் கஸ்டம்ஸில் இல்லை. சென்னை ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸுக்குப் பின்னால், தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீசில் 16 வருஷமாக பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் பத்திரம், போட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா வீட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடாது. காசிமேட்டில் பிறந்து, அப்பாவோடு கட்டுமரம் ஏறி, அப்புறம் ஷார்ஜாவில் 14 வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். மொத்தமாகத் திரும்புகிறார். விடியற்காலையில் தொழிலுக்குப் போவது, சனி ஞாயிறில் தூண்டில் போட ஆசைப்படும் ஐடி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது என்று அவருக்கு ஒரு கணக்கு.

நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ராத்திரி அது எங்க நிக்கும் மாமா?"

இரண்டு நாள் பதில் வரவில்லை. அந்த இரண்டு நாளில், இருக்கிற வழிகளை ஒரு பழைய இன்வாய்ஸின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஷார்ஜா படகை ஏற்றி வருவது. மலேசியாப் பக்கம் வாங்கி ஓட்டியே வருவது. காசிமேட்டிலேயே ஃபைபர், அதாவது நம் மீனவர்கள் ஓட்டுகிற சின்ன ஃபைபர் படகு எடுப்பது. ஏற்கெனவே வரி கட்டி இந்தியாவுக்குள் வந்துவிட்ட வெளிநாட்டுப் படகைக் கைமாற்றி வாங்குவது. இந்த நான்காவதை யாரும் முதலில் யோசிப்பதில்லை.

ஏற்றி வருவது

முதல் சிக்கல் வரியில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. இந்த மாதிரி படகுகளில் நிறைய அமெரிக்கச் சாலைக்காகச் செய்த அளவு. அங்கே டிரெய்லரில் வைத்து இழுத்துப்போக எட்டரை அடி, அதாவது 2.59 மீட்டர்வரை தனி அனுமதி வேண்டாம். அதனால் கட்டுகிறவர்களும் அந்தக் கோட்டைத் தொட்டுக் கட்டுகிறார்கள். 40 அடி ஹை க்யூப் கன்டெய்னரின் கதவு அகலம் 2.34 மீட்டர். கால் மீட்டர் இடிக்கிறது. ஒருக்களித்துச் சாய்த்து, அதற்கென்று தொட்டில் செய்து உள்ளே தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்றால் பக்கச் சுவரே இல்லாத ஃபிளாட் ரேக்கில் ஏற்ற வேண்டும். ஃபிளாட் ரேக்குக்கு வெளியே படகு துருத்திக்கொண்டு நின்றால் பக்கத்து இடத்தில் வேறு பெட்டி வைக்க முடியாது. அந்தக் காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் கப்பல் கம்பெனி வாடகை போடும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குக் கார் கப்பல்கள் வருகின்றனவே, டிரெய்லரோடு உருட்டி இறக்கலாமே என்று மாமா பிறகு கேட்டார். இறக்கலாம். அதற்கு ஷார்ஜாவிலிருந்து இந்தப் பக்கம் அப்படி ஒரு கப்பல் நமக்குத் தோதான நாளில் கிடைக்க வேண்டும்.

இப்போது வரிக்கு வருகிறேன். உல்லாசப் படகு, விளையாட்டுப் படகு எல்லாம் சுங்கப் பட்டியலில் 8903 என்ற தலைப்பில் வரும். சுங்க வரி, கூடுதல் தீர்வை சேர்த்து 27.5 சதவீதம். அதன் மேல் ஜிஎஸ்டி. இது முன்பு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ் 3 சதவீதமுமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நேராக 40. வரிக்கு மேல் வரி என்பதால், பத்து லட்சத்துக்கு நாற்பது சதவீதம் நாலு லட்சம் என்று மனக்கணக்கு போடக்கூடாது. மாமாவுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. படகு 10 லட்சம். கப்பல் வாடகை பேச்சுக்கு 4 லட்சம். இன்ஷூரன்ஸ் ரசீது இல்லையென்றால் விலையில் 1.125 சதவீதத்தை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். (வாடகை ரசீதும் காட்ட முடியாவிட்டால் விலையில் 20 சதவீதம் வாடகை என்று வைப்பார்கள்.) ஆக மதிப்பு 14 லட்சத்து 11 ஆயிரம். 27.5 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 18 லட்சம். அதில் 40 சதவீதம் 7 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 25 லட்சத்து 19 ஆயிரம். கிளியரிங், யார்டு வாடகை, டிரெய்லர், கிரேன் எதுவும் இதில் இல்லை.

"பத்து லட்சம் போட்டு இருபத்தஞ்சு ஆவுதா?" என்றார். ஆமாம். அது கூட இரண்டாவது சங்கதிதான்.

முதல் சங்கதி அது 'பழசு' என்பது. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில், தொழிலுக்கான கருவி அல்லாத எந்தப் பழைய பொருளும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. முன்கூட்டியே நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கும் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) ஆபீஸ் வழியாக இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். படகை ஏற்றிவிட்டு அனுமதி கேட்டால், சரக்கைப் பறிமுதல் என்று எழுதி, மீட்டுக்கொள்ள அபராதம் கட்டச் சொல்வார்கள். அதற்கு மேல் தனியாகப் பெனால்டி. தொழிலுக்கான கருவி, ஆபீஸ் பாஷையில் கேபிடல் குட்ஸ் என்றால் பழசாக இருந்தாலும் பெரும்பாலும் தடையில்லாமல் வரும். பொருள் உற்பத்திக்கோ சேவைக்கோ பயன்படுகிற எந்திரம், சாதனம் எல்லாம் அந்த வகைதான். ஆள் ஏற்றிக் காசு வாங்குகிற தொழில் என்று முறையாகக் கம்பெனி போட்டு, ஐஇசி என்கிற இறக்குமதி ஏற்றுமதி எண் எடுத்து (அதற்குக் கட்டணம் 500 ரூபாய்தான்), படகு அந்தச் சேவைக்கான சாதனம் என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அப்ரைசர், அதாவது சரக்கை மதிப்பிடுகிற சுங்க அதிகாரி, கேட்கிற முதல் கேள்விக்கே மாமாவிடம் பதில் இல்லை: "தொழில் எங்க இருக்கு, லைசென்ஸ் எங்க?"

சின்னச் சின்ன விஷயங்களில்தான் ஆள் விழுவான். படகைத் தாங்குகிற மரத்தொட்டில் வெப்பச் சிகிச்சையோ மருந்துப் புகையோ கொடுத்த மரமாக இருக்க வேண்டும், அதில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்க வேண்டும். அங்கே யார்டில் கிடந்த பழைய கட்டையைப் போட்டு முட்டுக்கொடுத்து அனுப்பினால், இங்கே தாவரத் தடுப்பு ஆபீசில் மாட்டிக்கொள்ளும். வளைகுடாப் படகுகளில் சிலவற்றில் துரயா சாட்டிலைட் போன் ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டியிலேயே கிடக்கும். அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். படகை விற்கிறவனுக்கு அது ஒரு பழைய போன். இங்கே அது போலீஸ் கேஸ். ஏற்றும் முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளைக்கு நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அப்புறம் நாள் ஒன்றுக்கு 10,000. யார்டு வாடகையும், கன்டெய்னரைத் திருப்பத் தாமதமானால் கப்பல் கம்பெனி போடும் டிடென்ஷனும் வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

கிளியர் ஆகாமல் நிற்கும் படகு என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மணலி பக்கத்து யார்டு ஒன்று, ஐப்பசி மழை. எங்கள் பார்ட்டி ஒருவருடைய 24 அடிப் படகு, பேப்பர் சரியில்லாமல் ஆறு வாரமாக ஃபிளாட் ரேக்கில் நின்றது. தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மழை பெய்து தார்ப்பாய் நடுவில் குழிந்து, குளம் மாதிரி ஆகி, ஒரு நாள் கிழிந்து அத்தனை தண்ணீரும் படகுக்குள் இறங்கிவிட்டது. படகின் பின்னடியில் ஒரு வடிகால் தக்கை இருக்கும். கரையில் நிற்கும்போது அதைக் கழற்றி வைக்க வேண்டும். ஏற்றினவர்கள் கழற்றவில்லை. இறக்கினவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் அப்ரைசரோடு போனபோது பேட்டரி இரண்டும் தண்ணீருக்கடியில், அதன் மேல் ஒரு தவளை. மூன்று ரூபாய் மதிப்புகூட இல்லாத தக்கையைத் திருகி எடுத்ததும் அரைமணி நேரம் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. யார்டுக்காரர்கள் அதற்கும் பொறுப்பில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். வயரிங் முழுக்கப் போச்சு.

சரி, படகாவது நல்ல படகா? மாமா அனுப்பிய ஏழாவது படம் படகின் பின்பலகை. இங்கிலீஷில் டிரான்ஸம் என்பார்கள், இன்ஜின் தொங்குகிற பலகை. அதன் வலது மேல் மூலையில் படகின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். அமெரிக்கக் கட்டுமானம் என்றால் 12 எழுத்து, எண். கடைசி இரண்டு எண் மாடல் வருஷம். விற்கிறவர் சொன்னது 2015. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கலாக 08 என்று தெரிந்தது. வளைகுடா வெயிலில் 17 வருஷம் கிடந்த ஃபைபர். மேல்பூச்சைத் தேய்த்தால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அது அழகுக் குறைதான், பரவாயில்லை. டிரான்ஸமின் உள்ளே பிளைவுட் வைத்து மூடியிருப்பார்கள். ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் அது ஊறியிருந்தால்தான் ஆபத்து. சோதிப்பது சுலபம். பிளாஸ்டிக் சுத்தியலால் விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். ஊறின இடத்தில் 'பொத்'தென்று, ஈரத்துணி வைத்த பலகை மாதிரி. அப்புறம் தூக்கி வைத்த இன்ஜினின் அடிக்காலில் ஆள் ஏறி அழுத்தினால், பின்பலகை அசையக்கூடாது. மாமாவிடம் இந்த இரண்டையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஓட்டியே வருவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இது ஆசை, வழி அல்ல. லங்காவி 1987லிருந்து வரியில்லாத் தீவு. உலகம் சுற்றுகிறவர்கள் அலுத்துப்போய்ப் படகை விற்றுவிட்டு விமானம் ஏறுகிற இடங்களில் அதுவும் ஒன்று. புக்கெட் இன்னொன்று. அங்கே நல்ல பாய்மரப் படகு காசிமேட்டு லாஞ்ச் (பெரிய மீன்பிடி விசைப்படகு) விலையில் ஒரு பங்குக்குக் கிடைப்பது உண்மை. அந்தமானில் ஒரு நிறுத்தம் போட்டு வரலாம். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு 1,190 கிலோமீட்டர் திறந்த வங்காள விரிகுடா. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. தை, மாசியில் வரலாம், தெரிந்தவர்கள் வருகிறார்கள்.

கப்பல் வாடகை மிச்சம், அவ்வளவுதான். வரி அதே வரி, பழசு என்ற பிரச்சினை அதே பிரச்சினை. சுங்கம் இருக்கிற துறைமுகத்தில்தான் முதலில் நுழைய வேண்டும். குடியேற்றம், சுகாதாரம், சுங்கம் மூன்றும் கையெழுத்துப் போடாமல் கரையில் கால் வைக்க முடியாது. 2008இல் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் வருகிற எந்தப் படகையும் கோஸ்ட் கார்டு விடுவதில்லை. 28 அடி பெட்ரோல் இன்ஜின் படகுக்கு இந்த வழியே கிடையாது. இவ்வளவு தூரத்துக்கு அது எண்ணெய் தூக்க முடியாது.

காசிமேட்டு ஃபைபர்

மாமா இதைக் கேவலமாக நினைக்கிறார், எனக்குத் தெரியும். 14 வருஷம் வெளிநாடு போய்வந்து, தம்பிமார் வைத்திருக்கிற அதே ஃபைபரை எடுத்தால் தெருவில் என்ன சொல்வார்கள் என்று.

ஆனால் ஒரு கப்பல் வரைபடக்காரன் ஏசி ரூமில் உட்கார்ந்து போட்டதல்ல நம் ஃபைபரின் வடிவம். கட்டுமரம் அலையை எப்படி ஏறியதோ அதைப் பார்த்துப் பழகி, சுனாமிக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் ஃபைபர் வந்தபோது, குப்பத்துக்குக் குப்பம் திருத்தித் திருத்தி வந்த வடிவம். அடி தட்டையாக இருக்கும், மூக்கு தூக்கியிருக்கும். அலை உடைகிற இடத்தில் குறுக்கே திரும்பாமல் நேராக ஏறிக் கரையில் மோதி நிற்கும். பத்து பேர் தோள் கொடுத்தால், இல்லை டிராக்டர் கட்டினால் மேலே ஏறிவிடும். ஷார்ஜா படகின் அடி கத்தி மாதிரி ஆழமான 'வி'. திறந்த கடலில் வேகமாகப் போகும்போது அது அருமை. மணலில் ஏற்றினால் ஒரு பக்கம் சாய்ந்து விழும். அடுத்த அலை உள்ளே இறங்கும்.

அந்த 'வி' படகை நிறுத்த நமக்கு இடம் எங்கே? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்தின் கருங்கல் கரங்கள் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற மணல் அங்கேயே தேங்கியது. மெரினா அகலமானது. ராயபுரத்திலிருந்து வடக்கே கடல் உள்ளே வந்தது. எங்கள் பக்கத்தில் பாதிக் கரை இன்று பாறாங்கல் சுவர். பொதுமக்கள் காசு கட்டிப் படகு நிறுத்தும் மரினா சென்னையில் இல்லை. துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, அது உறுப்பினர்களுக்கு. காசிமேடு ஹார்பரில் லாஞ்சுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் டயர் கட்டின 60 அடி லாஞ்ச் ஒரு தடவை புரண்டால் வெள்ளைப் படகின் விலா போச்சு. எண்ணூர் முகத்துவாரம் மணல் தூர்ந்துகொண்டே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் படர்ந்தபோது படகுகள் நீர்க்கோடு வரைக்கும் கறுத்துக் கிடந்ததை ஊரே பார்த்தது. இதனால்தான் முதல் கேள்வியாக, ராத்திரி எங்கே நிற்கும் என்று கேட்டேன்.

பேப்பரிலும் ஃபைபருக்கு வழி தெளிவு. மீன்வளத் துறையில் பதிவு செய்தால் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் எண் வரும். மீன்பிடிப் படகுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், உல்லாசப் படகுக்கு 40. வரிவிலக்கு எண்ணெய், பழைய படகை மாற்றப் பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 40 சதவீதம் (பெண்கள், பட்டியல் இனத்தவர் என்றால் 60) மானியம், எல்லாம் இந்தப் பக்கம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் லாஞ்சுகள் கட்டிக் கிடக்கும்போது ஃபைபர் கடலுக்குப் போகலாம்.

ஷார்ஜா படகையே மீன்பிடிப் படகாகப் பதிந்துவிட்டால் என்ன? இதைக் கேட்காத ஆள் இல்லை. உல்லாசப் படகு என்று சுங்கத்தில் எழுதி, மீன்பிடிப் படகு என்று மீன்வளத்தில் எழுதினால் இரண்டு பேப்பரும் ஒரு நாள் ஒரே மேசையில் சந்திக்கும். அதோடு, அந்தப் படகில் 200 குதிரைத்திறன் இன்ஜின் இரண்டு. காசிமேட்டில் அதிகக் குதிரைத்திறன் சீன இன்ஜினை வைத்துச் சண்டை நடந்ததெல்லாம் எதற்காக? மீன்பிடிப் படகுக்குத் தமிழ்நாட்டு விதி 240 குதிரைத்திறனில் கோடு போட்டிருக்கிறது.

இப்படிப் பார்த்தால் ஃபைபர்தான் ஜெயிக்கிறது. ஆனால் சனி ஞாயிறு ஐடி பிள்ளைகள்? மீன்பிடிப் பதிவில் இருக்கிற படகில் காசு வாங்கி ஆள் ஏற்றக்கூடாது. எல்லோரும் ஏற்றுகிறார்கள் என்பது பதில் ஆகாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்தச் சாவு விழுந்த பக்கத்து ஊர்க்காரன் நான். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஆள் ஏறுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். மாமாவிடம் இதில் மட்டும் நான் குரலை உயர்த்திப் பேசினேன். "தொழிலுக்கு ஒரு படகு, ஆளுக்கு ஒரு படகு. ரெண்டுத்தையும் ஒண்ணுல பண்ணாத."

வரி கட்டி வந்த படகு

கொச்சி போல்காட்டியில் மரினா இருக்கிறது. மும்பை, கோவாவிலும் படகு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆசைக்கு வாங்கி, இரண்டு வருஷம் ஓட்டி, பராமரிப்புச் செலவு பார்த்து விற்கிறவர்கள். அவர் தனி ஆள், தன் சொந்தப் படகை விற்கிறார் என்றால் அந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. சுங்கம் அவர் ஏற்கெனவே கட்டியது. சுத்தியல் எடுத்துக்கொண்டு நேரில் போய்த் தட்டிப் பார்க்கலாம். தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். ஷார்ஜாவில் இருந்துகொண்டு இங்கே தட்ட முடியாது, மாமா திரும்பிவிட்டால் இங்கிருந்துகொண்டு ஷார்ஜாவில் தட்ட முடியாது.

விலை ஷார்ஜாவைவிடக் கூடத்தான் இருக்கும். ஆனால் ஒப்பிட வேண்டியது 10 லட்சத்தோடு அல்ல, 25 லட்சத்தோடு.

இதில் ஒரு பேப்பர் இல்லையென்றால் எழுந்து வந்துவிட வேண்டும்: அந்தப் படகு இந்தியாவுக்குள் வந்தபோது போட்ட பில் ஆஃப் என்ட்ரி. அதில் இருக்கிற எண்ணும் டிரான்ஸமில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். "அதெல்லாம் பழசு சார், தொலைஞ்சு போச்சு" என்றால், கள்ளத்தனமாக வந்த பொருளை வாங்கினவர் கையிலிருந்தும் சுங்கம் பறிமுதல் செய்யலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கொடியில் பதிந்த படகு என்றால் அங்கே பதிவை நீக்கிய சான்றும் வேண்டும். அது இல்லாமல் இங்கே பதிய முடியாது. அந்தப் படகின் மேல் அங்கே ஒரு பேங்க் கடன் இருந்தால் அதுவும் படகோடு கூடவே வரும். பதிவுச் சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறியது. அதனால் ஐந்து வருஷம் முன் ஒருவர் செய்த முறையைக் கேட்டுக்கொண்டு அப்படியே செய்யாமல், ராஜாஜி சாலையிலேயே இருக்கும், கப்பல் பதிவைப் பார்க்கிற மெர்கன்டைல் மரைன் ஆபீசுக்கு நேரில் ஒரு நடை போய்விட வேண்டும்.

மூன்றாம் நாள் மாமாவிடமிருந்து பதில் வந்தது. படகு ராத்திரி நிற்க இடம் கிடைத்துவிட்டதாம். திருவொற்றியூர் குப்பத்தில் சித்தப்பாவின் காலி மனை. டிரெய்லரில் வைத்து அங்கே நிறுத்திவிட்டு, வேண்டும்போது காசிமேட்டுக்கு இழுத்துப்போய் கிரேன் வைத்து இறக்குவது. யோசனை நல்ல யோசனை. ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா பையனும் டேப் எடுத்துக்கொண்டு போனோம். தெருமுனையில் ஈபி கம்பத்துக்கும் எதிர்வீட்டுத் திண்ணைக்கும் நடுவே 2.45 மீட்டர். ஷார்ஜா படகு 2.59. திண்ணையை இடிக்கச் சொன்னால் எதிர்வீட்டுப் பாட்டி எங்களை இடிப்பாள்.

அதை வாய்ஸ் மெசேஜில் சொன்னதும், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏழுக்கு இறங்கிட்டான் மச்சான்" என்றார். அதே வாடகையில் ஏழு லட்சத்துக்கு வாங்கினாலும் இங்கே இறங்கும்போது 19 லட்சத்து 78 ஆயிரம். சுத்தியல் வீடியோ மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் விற்கிறவருக்கு வேலை வந்துவிடுகிறதாம்.

தொழிலுக்கு மாமா தன் தம்பியோடு கூட்டு சேர்ந்து ஒரு ஃபைபர் எடுப்பது என்பதில் இப்போது எங்களுக்குள் சண்டை இல்லை. அக்காவும் அதற்குத் தலையாட்டிவிட்டாள். ஆள் ஏற்றும் படகை, லைசென்ஸ் விஷயம் விசாரித்துத் தெளிவான பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டிருக்கிறோம். ஆனாலும் மாமாவின் கண் அலைந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் கொச்சியில் ஒரு படகு பிடித்தார். 21 அடி, அகலம் 2.2 மீட்டர், ஈபி கம்பத்தைத் தாண்டிவிடும். விற்கிறவர் பில் ஆஃப் என்ட்ரி நகலை அனுப்பியிருக்கிறார். உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். படகு எண் படத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. இன்ஜின் எண் என்று ஒன்றுதான் எழுதியிருக்கிறது. படத்தில் இன்ஜின் இரண்டு. இரண்டாவது எப்போது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதன் பில்லை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.